மாமா சாகவிடாத சீரியல் அம்மா

ரெண்டரை மணி சீரியல் முடியப்போகிறது என்று டிவியில் அறிவிப்பு வந்த அன்று, மாமா என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். நான் செல்போன் ரிப்பேர் செய்பவன். கடுகு அளவு ஸ்க்ரூ ஒன்றை இடுக்கியில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூல் கிறீச்சிட்டதில் கை ஆடி, ஸ்க்ரூ எங்கேயோ போய் விழுந்தது.

"என்ன மாமா, ஸ்டூல்ல முள்ளா இருக்கு?"

"மூணு வாரத்துல முடிக்கிறானுங்க மச்சான். கடைசி வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம்."

"முடியட்டும். அஞ்சு வருஷமா இழுத்தது போதாதா?"

"உங்க அக்கா அன்னைக்கு லீவு போடறாளாம். என் பக்கத்துல உட்கார்ந்து கடைசி எபிசோடைப் பார்க்கணுமாம்."

அதற்குப் பிறகு நான் ஸ்க்ரூவைத் தேடவில்லை. 

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். விடியற்காலை முதல் வண்டி அவருடையது. இருபத்திரண்டு வருடமாக ஒரே தடம், அதே நிறுத்தங்கள், அதே வளைவுகள். மதியம் ஒரு மணிக்கு வண்டியை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, ரெண்டரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதன் பிறகு வீட்டுக்குள் திருடன் வந்து பீரோவைத் தூக்கிக்கொண்டு போனாலும், "கொஞ்சம் ஓரமாத் தூக்கிட்டுப் போப்பா, மறைக்குது" என்றுதான் சொல்வார்.

அக்கா வேலை பார்ப்பது மருத்துவமனையில். ஆபரேஷனுக்குப் பயன்பட்ட கருவிகளைக் கழுவி, நீராவியில் சுத்தம் செய்து, பட்டியல் பார்த்துத் தட்டில் அடுக்கிக் கட்டும் பிரிவில் மேற்பார்வையாளர். கத்தரி இத்தனை, கவ்வி இத்தனை என்று பட்டியல் சொல்லும். ஒன்று குறைந்தாலும் தட்டை மூடக்கூடாது. ஒருமுறை ஒரு சின்னக் கவ்விக்காக அழுக்குத் துணி மூட்டை பதினாறையும் பிரிக்க வைத்தவள். நான் ஏழாம் வகுப்பில் சொன்ன பொய்யை இன்றைக்கும் கிழமையோடு சொல்வாள். அவளிடம் எதையும் பூசி மெழுக முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வந்ததும், பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றிக் கால் இரண்டையும் உள்ளே வைத்து, டீயைக் கையில் எடுத்துக்கொள்வாள். மாமா எதிரில் நின்று அன்றைய எபிசோடைச் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் அந்த வீட்டுப் பழக்கம். சீரியல்கள் மாறின, டிவி மூன்று முறை மாறியது, இது மாறவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குத் தெரிந்து அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் வளர்த்தது.

நான் என் தொழில் புத்தியோடு ஒருமுறை, "போன்லயே பார்க்கலாம்க்கா, எப்ப வேணும்னாலும்" என்று ஒரு போனைத் தயார் செய்து கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எட்டு மணி நேரம் லைட்டுக்குக் கீழ கத்தரிக்கோல் பல்லையே பார்த்த கண்ணுடா இது. இனிமே பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்."

மருத்துவமனையில் யாராவது சீரியல் பேச்சை எடுத்தால், "வாயை மூடு. எனக்குன்னு ஒருத்தர் வீட்ல கதையோட காத்துக்கிட்டு இருக்கார்" என்று அதட்டிவிடுவாளாம். அந்தப் பிரிவில் அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை. பயந்துகொண்டு எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்குச் சீரியல் பிடிக்காது. பார்ப்பேன், அது வேற விஷயம். மதியத்தில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். எதிர் வரிசையில்தான் வீடு, மாடிப்படி ஏறினால் மாமா. அதனால் இரண்டையும் அறிந்தவன் நான், டிவியில் ஓடியதையும் மாமா சொன்னதையும். சத்தியமாகச் சொல்கிறேன், மாமா சொல்வதுதான் நன்றாக இருக்கும். டிவியில் ஒருத்தி கதவைத் திறப்பதற்குள் மூன்று முறை இடி இடிக்கும், நாலு பேர் முகத்தைக் காட்டுவார்கள், விளம்பரம் வந்துவிடும். மாமா பட்டென்று கதவைத் திறந்து அவளை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்.

ரெண்டரை மணி சீரியலின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பழைய லாட்ஜ். அதை நடத்தும் ஒரு அம்மா. அவளுக்கு நாலு பிள்ளைகள், நாலும் நாலு திசை. சாவிக்கொத்து அம்மாவின் இடுப்பில். என் அம்மா கடைசிக் காலத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தாள். மாமாவும் அவளும் சேர்ந்துதான் இந்தச் சீரியலைப் பார்ப்பார்கள். மாமியாரும் மருமகனும் சண்டை போட்டுக்கொள்வது படிக்கட்டு வரை கேட்கும். "அந்தச் சின்னவன் திருந்தமாட்டான் மாப்பிள்ளை, எழுதி வச்சுக்கோங்க" என்பாள் அம்மா. "திருந்துவான் அத்தை, நடிகன் பெரிய ஆள், வில்லனா விடமாட்டாங்க" என்பார் இவர்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டிவிக்கு எதிரே இருந்த சோபாவில் அம்மா இறந்துபோனாள். அக்கா வேலையில் இருந்தாள், நான் அன்று கடையில். மாமா ஜன்னலில் நின்று கூப்பிட்டு நான் ஓடிப் படியேறுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "சட்டுன்னு போயிட்டாங்க மச்சான்" என்றார். அக்காவிடமும் அதைத்தான் சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். அன்று சாயங்காலம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "விட்ட ஒரு வாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள். விட்ட எபிசோட்களை மாமா என் கடையில் உட்கார்ந்து போனில் பார்த்திருந்தார், நானும் பார்த்தேன். அந்த வாரத்தில் லாட்ஜ் அம்மாவுக்கு ஜுரம் வந்தது. வெள்ளிக்கிழமை அந்த அம்மா செத்துவிட்டாள்.

மாமா செவ்வாயைச் சொன்னார், புதனைச் சொன்னார். வியாழன் வரை ஒழுங்காக வந்தார். வெள்ளிக்கிழமைக்கு வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.  பிறகு, "ஜுரம் இறங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை காலையில எழுந்து உட்கார்ந்து, எங்கடா என் சாவின்னு கேட்டாங்க" என்றார். அக்கா பெருமூச்சு விட்டு டீயைக் குடித்தாள். எனக்குப் புரையேறியது.

படிக்கட்டில் வைத்து மாமாவைப் பிடித்தேன்.

"என்ன மாமா இது? செத்தவளை எழுப்பி உட்கார வச்சிட்டீங்க?"

"இன்னைக்கு மட்டும் மச்சான். அவ முகம் சரியில்ல. அடுத்த வாரம் சொல்லிடறேன்."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. டிவியில் அம்மா செத்த பிறகு நாலு பிள்ளைகளும் உயிலுக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு உயில் வழக்கு எப்படி நடக்கும்? எங்கள் வீட்டில் அது பக்கத்து லாட்ஜ்காரனோடு நடக்கும் சுவர் தகராறாக மாறியது. டிவியில் வந்த அதே வக்கீல், அதே நீதிபதி, வாதம் மட்டும் வேறு. அம்மா மாடி அறையில் ஓய்வில் இருப்பதாக மாமா ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மாடியேறிப் போய் யோசனை கேட்பார்கள். அவளும் சொல்வாள். "கோபம் வந்தா முதல்ல உட்காருடா. நின்னுக்கிட்டே கோபப்பட்டா கால்தான் வலிக்கும்." இதை அக்கா மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி, அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

"அந்த அம்மா பேசறது நம்ம அம்மா மாதிரியே இல்லடா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். வேறு எப்படி இருக்கும், அது நம் அம்மா பேசினதுதானே. மாமாவின் கைச்சரக்கு பாதி, அவர் அத்தையிடம் கேட்டது பாதி. எனக்கு உள்ளே கொதித்தது, ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை. பொய்யில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பொய்க்கு மூன்று வாரம்தான் ஆயுள். கடைசி எபிசோடில் அக்கா டிவி முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்தால், இனி மாமா சொல்லும் எந்தக் கதையையும், கதை அல்லாததையும், அவள் நம்பமாட்டாள்.

"வழி ஒண்ணுதான்" என்றேன் கடையில். "மூணு வாரத்துல அந்த அம்மாவை நீங்களே கொன்னுடுங்க. டிவி பார்க்கும்போது கணக்கு சரியா இருக்கும்."

மாமா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மூணு வாரத்துலயா? அஞ்சு வருஷம் வாழ்ந்த ஆளை மூணு வாரத்துல அனுப்பினா அது முடிவா மச்சான்? அது ஆக்சிடென்ட்."

இந்த விஷயத்தில் மாமாவுக்குக் கொள்கைகள் உண்டு. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கடைசி ஐந்து நிமிடத்தில் வில்லன் அழுது திருந்துவது அவருக்கு ஆகாது. "அஞ்சு வருஷம் விஷம் வச்சவன், ஒரு பாட்டு முடியறதுக்குள்ள நல்லவனா? எந்தக் கடையில வாங்கினான் அந்த மருந்தை?" எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்து முடிப்பதும் ஆகாது. பல வருடத்துக்கு முன் ஒரு சீரியலில் நடந்ததெல்லாம் கதாநாயகி கண்ட கனவு என்று முடித்துவிட்டார்கள். அன்று இவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தாமலே போய்விட்டார். "கடைசி ஸ்டாப் வந்தா நான் வண்டியை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உட்காருவேன் மச்சான். ஜனங்க பையை எடுக்கணும், குடையைத் தேடணும், குழந்தையை எழுப்பணும். அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுக்கத் தெரிஞ்சவன்தான் முடிக்கத் தெரிஞ்சவன்."

"சரி மாமா, அக்காவுக்கு அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுங்க" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

ஆனாலும் முயன்றார். திங்கட்கிழமை சாயங்காலம் நான் போனபோது லாட்ஜ் அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்திருந்தது.

"எந்த மாதிரி இருமல்? சளியோடயா, வறட்டு இருமலா?" என்றாள் அக்கா.

மாமா திருதிருவென்று விழித்தார். "வறட்டு இருமல்னு நினைக்கிறேன்."

"எக்ஸ்ரே எடுத்தாங்களா?"

"நாளைக்கு எடுப்பாங்க போல."

மறுநாள் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தது. மருத்துவமனையில் வேலை பார்ப்பவளிடம் ஒரு ஆளைக் கொல்வது லேசில்லை. ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று, மருந்து எத்தனை வேளை, பசி இருக்கிறதா என்று அவள் கேட்கக் கேட்க, மாமா ஒவ்வொன்றாகச் சரி பண்ணிக்கொண்டே போனார். இரண்டாம் வாரம் முடிவதற்குள் லாட்ஜ் அம்மா முன்னைவிட ஆரோக்கியமாகிவிட்டாள். ஒரு கிலோ எடைகூடக் கூடியிருந்தாள்.

பிறகு அவளை வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் அனுப்பிப் பார்த்தார். கடைசி எபிசோடில் ஏன் காணோம் என்றால், ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சப்பைக்கட்டுதான், ஆனால் கட்டு.

"நல்லது, போய்ட்டு வரட்டும்" என்றாள் அக்கா. "கடைசி வாரத்துக்குள்ள வந்துடுவாங்க இல்ல? அவங்க இல்லாம என்ன முடிவு?"

மாமா, "வந்துடுவாங்க" என்றார். எனக்கு அவர் தலையில் ஒன்று போடலாம்போல் இருந்தது.

அந்த மூன்று வாரமும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் டிவியில் வரப்போகும் சீரியல்களின் விளம்பரம் ஓடும். அதே ரெண்டரை மணிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாமல் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கால்நடை டாக்டர் கதை ஒன்று, போலீஸ் கதை ஒன்று, வேறு மொழியிலிருந்து டப்பிங் ஒன்று என்று மூன்று பேச்சு அடிபட்டது. "டப்பிங் மட்டும் வேண்டாம் மச்சான். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும். அதை நான் எப்படிச் சொல்றது?" என்று உலாத்தினார். பிறகு சட்டென்று நின்று, "சொல்லக் கேட்க ஆள் இருக்கணுமே முதல்ல" என்றார்.  நான் குனிந்து போனை நோண்டினேன்.

டிவி கேபிளைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டார். அக்கா பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பாள் என்றேன். அன்று லீவு கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டா என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் அவள் கேட்கும் நாலாவது லீவு, கொடுக்காமல் இருப்பார்களா என்றேன். வியாழக்கிழமை, "இன்னைக்குச் சொல்லிடறேன்" என்று போனார். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். உள்ளே லாட்ஜ் அம்மா விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ரெண்டே காலுக்கே அக்கா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்காரத் தெரியாதவள். துவைத்த துண்டுகளை மடியில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலி நுனியில். நான் கதவோரம் நின்றேன்.

பத்தாவது நிமிடத்தில் லாட்ஜின் வரவேற்பறையைக் காட்டினார்கள். சுவரில் அந்த அம்மாவின் பெரிய படம். அதன் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் எழுதியிருந்தன. மூத்த மகள் படத்தின் முன்னால் நின்று, "நீ போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா, இன்னைக்குத்தான் நாங்க நாலு பேரும் ஒண்ணா வந்திருக்கோம்" என்றாள்.

அக்காவின் கை துண்டின் மேல் நின்றது. திரும்பி மாமாவைப் பார்க்கவில்லை. விளம்பரம் உட்பட ஒன்றரை மணி நேரமும் கண்ணெடுக்காமல் திரையையே பார்த்தாள். மாமா அந்த முடிவுக்காக ஐந்து வருடம் காத்திருந்தவர். அவர் அதைப் பார்க்கவேயில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெயர்ப் பட்டியலும் ஓடி முடிந்ததும் அக்கா டிவியை அணைத்தாள்.

"எப்போ?"

"எது?" என்றார் மாமா.

"அந்த அம்மா எப்போ செத்தாங்க?"

"அத்தை போன அதே வாரம். வெள்ளிக்கிழமை."

"அப்போ மாடியிலேர்ந்து பேசினது?"

"நான்தான். நானும் அத்தையும்."

அக்காவின் முகம் சிவந்தது. "ஆஸ்பத்திரியில அத்தனை பேர் வாயையும் அடைச்சேன். ஒருத்தர் எனக்காகக் கதை வச்சிருக்கார்னு. அவங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. உட்காருடா கால் வலிக்கும்னு நான் சொல்றப்ப எல்லாம் என்ன நினைச்சிருப்பாங்க?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "தினமும் ரத்தத்தைக் கழுவறவ நான். ஒரு சாவைக் கேட்க எனக்குத் தெம்பில்லைன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"உனக்குத் தெம்பு இருக்கும்மா" என்றார் மாமா. "எனக்குத்தான் இல்ல."

"இப்ப சொல்லுங்க."

"ஜுரம் மூணு நாளா..."

"சீரியல் இல்லங்க. அம்மா. அன்னைக்கு மத்தியானம். ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமா எதிர்பார்த்திருந்தார் என்று நினைக்கிறேன். எப்போதும் எழுந்து நின்று கையை ஆட்டிக் கதை சொல்பவர், அன்று உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாப்பிட்டுட்டு இங்கதான் உட்கார்ந்தாங்க, நீ உட்கார்ந்திருக்கிற இடத்துல. சீரியல்ல அந்த அம்மாவுக்கு ஜுரம் ஆரம்பிச்சுது. இவங்க சிரிச்சாங்க. 'இவளை முடிக்கப் போறாங்க மாப்பிள்ளை. மூஞ்சியில லைட்டை அதிகமாப் போடறான் பாருங்க'ன்னாங்க. நான் இல்லைன்னேன். அதுக்கப்புறம், 'தொண்டை காயுது மாப்பிள்ளை, கொஞ்சம் தண்ணி'ன்னாங்க." மாமா உதட்டை நனைத்துக்கொண்டார். "அந்தச் சின்னவன் அப்பதான் வீட்டுக்குத் திரும்பி வரான். நான், 'விளம்பரம் வரட்டும் அத்தை, இதோ'ன்னேன். 'சரி, பார்த்துட்டே போங்க'ன்னாங்க. விளம்பரம் வந்தப்புறம்தான் போனேன். தண்ணியோட வந்தா தலை சாய்ஞ்சிருக்கு. நான் டம்ளரோட நிக்கறேன். விளம்பரம் முடிஞ்சு சீரியல் ஓடுது."

"எத்தனை நிமிஷம்?" என்றாள் அக்கா.

"நாலு. அஞ்சு இருக்கலாம்."

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "ஒரு சீரியலுக்காகவா? எங்கம்மா தண்ணி கேட்டா, விளம்பரம் வரட்டும்னு..." என்று கத்திக்கொண்டே முன்னால் போனேன். அவரை அடித்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

"டேய், நில்லு" என்றாள் அக்கா. "அவர் முடிக்கட்டும்."

"முடிஞ்சுதும்மா" என்றார் மாமா. "இவ்வளவுதான். இதைத்தான் சொல்ல முடியல. அந்த அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னா, நீ நம்ம அம்மாவைப் பத்திக் கேட்பே. கேட்டா இதைச் சொல்லணும்." அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு அவருக்கு. நாற்காலி ஆடியது.

அக்கா இன்னொரு துண்டை எடுத்து மடித்தாள். பிறகு மருத்துவமனைக் குரலில், "தண்ணி குடிச்சிருந்தாலும் போயிருப்பாங்க. அது இதயம். தண்ணிக்கு நிக்காது" என்றாள். துண்டுகளை மடித்து முடித்தாள். எழுந்தபோது, "ஆனா சிரிச்சாங்கன்னு சொன்னீங்களே, அதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாம். ரெண்டு வருஷமா நான், வலியில துடிச்சாங்களோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை அவள் விடுமுறையிலிருந்த வேறொருத்திக்குப் பதிலாக வேலைக்குப் போனாள். ஞாயிறு முழுக்கத் தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருந்தாள். நானும் மாமாவோடு பேசவில்லை. அவர் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தெருமுனை வரை நடந்துபோய் எதையும் வாங்காமல் திரும்பினார். மதியம் என் கடை வாசலில் வந்து நின்று, "முடிவு எப்படி இருந்துச்சு மச்சான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "சின்னவன் திருந்தல" என்றேன்.

"அத்தை சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு சாயங்காலம், நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தபோது அவள் அறையை விட்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. மாமா எழுந்து நின்றார்.

"நாளைக்கு ரெண்டரைக்கு என்ன ஆரம்பிக்குது?"

மாமா வேகமாகச் சொன்னார். "கால்நடை டாக்டர் கதை. டப்பிங் இல்ல."

"சரி, சொல்லுங்க, கேட்கறேன்." தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள். "ஆனா ஒண்ணு. யாராவது செத்தா அன்னைக்கே சொல்லிடணும்."

மறுநாள் மூன்று மணிக்கு மாமா மூச்சு வாங்க என் கடைக்கு ஓடிவந்தார். கால்நடை டாக்டரின் அப்பா முதல் விளம்பரத்துக்கு முன்னாலேயே செத்துப்போயிருந்தார். "முதல் நாளேவா மச்சான்? இவனுங்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

ஐந்தரைக்கே என் கடைக்கு எதிரிலுள்ள பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார். மூன்று பஸ்கள் வந்து போயின. நாலாவதில் அக்கா இறங்கினாள். அவள் இரண்டாவது காலைத் தரையில் வைப்பதற்குள், "டாக்டரோட அப்பா செத்துட்டார்" என்று மாமா சொன்னது சாலைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. இறங்கியவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"எப்படி?" என்றாள்.

மாமா அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தார்.